அந்தக்காலக் கருவிகளில் பரோக் இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாக், ஹேண்டல், விவால்டி, மான்டெவெர்டி போன்ற பரோக் காலத்து (ஏறத்தாழ 1600–1750) ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் இசையை, அவர்கள் வாழ்ந்த காலத்துக் கருவிகளிலேயே வாசிக்கும் குழுக்கள் இன்று ஐரோப்பா முழுவதும் இருக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜப்பானிலும் இருக்கின்றன. இந்த இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு வழக்கமாக எழும் சந்தேகங்களும் பதில்களும் இங்கே. வியன்னாவின் கான்சென்டஸ் மூசிகஸ் குழு அடிக்கடி வந்துபோகும். இந்த இயக்கத்தின் போக்கை மாற்றிய குழு அது என்பது என் எண்ணம்.

இந்தக் குழுக்கள் என்னதான் செய்கின்றன?

ஓர் இசையமைப்பாளர் எந்தக் கருவிகளை மனதில் வைத்து எழுதினாரோ அவற்றையே, அல்லது அவற்றை அப்படியே பார்த்துச் செய்த நகல்களை வாசிக்கிறார்கள். அதோடு நிற்பதில்லை. அன்றைய சுருதி, அன்றைய வில் பிடிப்பு, அன்றைய அலங்கார வழக்கங்கள், குழுவில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் எங்கே நின்றார்கள் என்று எல்லாவற்றையும் பழைய நூல்களிலிருந்தும் கையெழுத்துப் பிரதிகளிலிருந்தும் கணக்குப் புத்தகங்களிலிருந்தும் தேடி எடுக்கிறார்கள். அப்படித் தேடியதைக் கருவியில் வாசித்துப் பார்த்துச் சரிபார்க்கிறார்கள். இந்தக் கடைசி வேலைதான் முக்கியம். நூல் சொல்லாத பலவற்றைக் கருவி சொல்லிக்கொடுக்கும்.

இதைத் தொடங்கியது யார்?

பழைய இசையை மறுபடி மேடையேற்றும் ஆசை புதிதல்ல. பாக் இறந்து எண்பது ஆண்டு ஆகும் தறுவாயில், 1829இல், இருபது வயது மெண்டல்சன் பெர்லினில் அவருடைய செயின்ட் மத்தேயு பாஷனை (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பெரிய பாடற்படைப்பு) நடத்தினார். ஆனால் அவர் தன் காலத்து ஆர்கெஸ்ட்ராவையும் பெரிய பாடகர் குழுவையும் வைத்து, வேண்டாதவை என்று நினைத்ததை வெட்டிவிட்டு நடத்தினார். கருவியும் பழையதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று யாருக்கும் இல்லை.

அந்த எண்ணத்தை விடாப்பிடியாகப் பிடித்தவர் ஆர்னால்ட் டால்மெட்ச் (1858–1940). பிரான்சில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். லூட், ஹார்ப்சிகார்ட் (விசையை அழுத்தினால் தந்தி மீட்டப்படும், பியானோவுக்கு முந்தைய கருவி), வயோல், ரிக்கார்டர் என்று வழக்கொழிந்த கருவிகளைத் தானே பழுதுபார்த்து, தானே செய்து, தன் குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுத்துக் கச்சேரி நடத்தினார். 1925இல் ஹாஸ்லிமியர் என்ற சிற்றூரில் அவர் தொடங்கிய இசைவிழாவுக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. அதே காலத்தில் வாண்டா லாண்டோஸ்கா ஹார்ப்சிகார்டை மறுபடி பெரிய மேடைகளில் ஏற்றினார். ஆனால் பாரிஸின் ப்ளேயல் நிறுவனம் அவருக்குச் செய்துகொடுத்த கருவி, கனத்த உடலும் வரிசையாகப் பெடல்களும் கொண்டது. 18ஆம் நூற்றாண்டுக் கருவியிலிருந்து வெகு தூரம் விலகியது. 1933இல் பால் சாக்கர் பாசல் நகரில் ஸ்கோலா கன்டோரம் பாசிலியென்சிஸ் என்ற கல்விநிலையத்தை நிறுவினார். பழைய இசைக்கென்றே ஏற்பட்ட அந்தப் பள்ளி இன்றும் முதன்மையாக விளங்குகிறது.

வியன்னா குழு எங்கிருந்து வந்தது?

நிக்கோலாஸ் ஹார்னன்கோர்ட் 1952இல் வியன்னா சிம்பனி ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ வாசிக்கச் சேர்ந்தார். பாக்கும் மொசார்ட்டும் அங்கே வாசிக்கப்பட்ட விதம் அவருக்கு உறுத்தியது. எல்லாம் வழவழப்பாக, நீண்ட ஒரே இழுப்பாக, அழகாக இருந்தது. பேச்சு மட்டும் இல்லை. 1953இல் மனைவி ஆலிஸும் ஆர்கெஸ்ட்ரா நண்பர்கள் சிலரும் சேர்ந்து கான்சென்டஸ் மூசிகஸ் உருவானது. பகலில் சம்பளத்துக்கு ஆர்கெஸ்ட்ரா வேலை. மிச்ச நேரத்தில் ஹார்னன்கோர்ட் வீட்டில் ஒத்திகை. பழைய கருவிகளைத் தேடித்தேடி வாங்கினார்கள். அவற்றை எப்படி வாசிப்பது என்று சொல்லித்தர ஆசிரியர் யாரும் கிடையாது. நான்கு ஆண்டுகள் இப்படியே போயின. 1957இல்தான் பொதுமேடை ஏறினார்கள்.

அந்த நான்கு ஆண்டுகள்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. கைகள் அதுவரை கற்றதை மறந்து, வேறொன்றைக் கற்க அவ்வளவு காலம் வேண்டியிருந்தது. மேடை, விளம்பரம், ஒலித்தட்டு எதையும் அவர்கள் அவசரமாகத் தேடவில்லை.

பிறகு வந்தது மாபெரும் வேலை. ஆம்ஸ்டர்டாமின் குஸ்டாவ் லியோன்ஹார்ட்டும் ஹார்னன்கோர்ட்டும் பங்கிட்டுக்கொண்டு, பாக்கின் சர்ச் கன்டாட்டாக்கள் (வழிபாட்டுக்காக எழுதிய, குரலும் கருவியும் சேர்ந்த படைப்புகள்) அனைத்தையும், ஏறக்குறைய இருநூறு படைப்புகளை, 1971 முதல் 1989 வரை ஒலித்தட்டாக்கினார்கள். பாக் எழுதியபடியே உச்சக்குரல் பகுதிகளைப் பெரும்பாலும் சிறுவர்களே பாடினார்கள். சில இடங்களில் குரல் தடுமாறும், ஹார்ன் பிசிறும். ஆனாலும் அதற்குப் பிறகு பாக்கைக் கேட்கும் காதே மாறிவிட்டது. ஹார்னன்கோர்ட் 2015 டிசம்பரில், தன் 86ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த மார்ச்சில் காலமானார்.

வயலின் என்றால் வயலின்தானே? பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம்?

பெட்டி பெரும்பாலும் ஒன்றுதான். மாறியது மற்றதெல்லாம்.

முதலில் தந்தி. பரோக் வயலினில் ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த நரம்புத் தந்திகள். கீழ்த் தந்திக்கு மட்டும் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து உலோகக் கம்பி சுற்றும் வழக்கம் வந்தது. குடல் தந்தியின் ஒலி எஃகு போலப் பளிச்சென்று பாயாது. கொஞ்சம் சொரசொரப்பும் கொஞ்சம் இருட்டும் கலந்திருக்கும். வில் பட்டதும் ஒரு மெய்யெழுத்தை உச்சரிப்பதுபோல ஒரு தொடக்கம் கேட்கும். காற்றின் ஈரத்துக்கு உடனே இளகிவிடும் என்பது அதன் குறை. மேல் தந்திக்கு எஃகு வந்து நிலைத்தது முதல் உலகப்போரை ஒட்டித்தான். ஆகவே குடல் தந்தி பாக் காலத்தோடு முடிந்த சமாச்சாரம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிராம்ஸும் அதைத்தான் கேட்டார்.

அடுத்தது கழுத்து. பழைய வயலினின் கழுத்து குட்டை, சாய்வு குறைவு. உள்ளேயிருக்கும் பாஸ் பார் என்ற மரத்துண்டு மெலிது. தந்தியின் இழுப்பு குறைவாக இருப்பதால் பெட்டி தளர்ந்து ஒலிக்கும். தாடையை வைக்கும் பலகை கிடையாது. அது லூயிஸ் ஷ்போர் 1820 வாக்கில் கொண்டுவந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம் வில். இன்று எல்லோரும் பயன்படுத்தும் வில்லின் வடிவத்தை நிலைப்படுத்தியவர் பாரிஸின் ஃப்ரான்சுவா டூர்ட், 1780களில். அது உட்புறம் வளைந்தது. அடியிலிருந்து நுனிவரை ஒரே பலத்தோடு இழுக்கலாம். பழைய வில் நேராகவோ வெளிப்புறம் வளைந்தோ இருக்கும், நுனி லேசானது. கீழ்நோக்கி இழுத்தால் பலமாகத் தொடங்கித் தானாகத் தேயும். மேல்நோக்கித் தள்ளினால் இயல்பாகவே மெலிவாக வரும். அதாவது வல்லினமும் மெல்லினமும் வில்லுக்குள்ளேயே இருக்கின்றன. தாளத்தின் முதல் அடி கனமாகவும் அடுத்தது லேசாகவும் விழ வேண்டும் என்று அன்றைய நூல்கள் வலியுறுத்துவதை இன்றைய வில்லில் முயன்று செய்ய வேண்டும். பழைய வில்லில் கை தன்போக்கில் விட்டாலே அது நடக்கும். பரோக் இசை பேச்சைப் போன்றது என்று சொல்கிறார்களே, அது இந்த வில்லை ஒருமுறை கையில் பிடித்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாத விஷயம்.

அப்படியானால் ஸ்ட்ராடிவாரி வயலின் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பழைய கருவி வாசிப்பவர்களா?

இல்லை. 17, 18ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்த அந்த வயலின்களில் மிகப் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் பிரித்து, கழுத்து மாற்றி, பாஸ் பார் மாற்றிச் சீரமைக்கப்பட்டவை. ஸ்ட்ராடிவாரி பட்டறையிலிருந்து வெளியேறியபோது அவை எழுப்பிய ஒலி வேறு. பரோக் குழுக்களில் பலர் புதிதாகச் செய்த நகல்களை வாசிப்பது இதனால்தான். நகல் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். விவால்டியின் மாணவிகள் வாசித்ததும் அன்று புத்தம்புதுக் கருவிகளைத்தான்.

குழல்களிலும் டிரம்பெட்டிலும் என்ன மாற்றம்?

18ஆம் நூற்றாண்டின் முற்பாதிப் புல்லாங்குழல் மரத்தாலானது. ஒரே ஒரு சாவி (துளையை மூடித் திறக்கும் நெம்புகோல்). ஓபோவுக்கு இரண்டோ மூன்றோ. மற்ற ஸ்வரங்களுக்கு விரல்களைத் தாண்டித் தாண்டி மூட வேண்டும். அப்படி வரும் ஸ்வரம் கொஞ்சம் மூடியதுபோல ஒலிக்கும். இதனால் ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒரு நிறம் அமைந்துவிடுகிறது. சில ஸ்கேல்கள் திறந்து ஒளிரும், சில மூச்சடைத்துத் தவிக்கும். பாக் துயரமான வரிகளுக்கு இந்த இரண்டாம் வகையைத் தேர்ந்தெடுப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் தியோபால்ட் போம் எல்லா ஸ்வரங்களும் சமமாக ஒலிக்கும் குழலைச் செய்தார். வசதி வந்தது; அந்த நிறபேதம் போயிற்று.

டிரம்பெட்டுக்கு வால்வு வந்தது 1810களில். அதற்கு முன் வெறும் நீண்ட குழாய்தான். இன்றைய கருவியைப்போல ஏறத்தாழ இரு மடங்கு நீளம். உதட்டாலேயே ஸ்வரம் பிடிக்க வேண்டும். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இன்று பரோக் குழுக்களில் காணும் டிரம்பெட்டுகள் பலவற்றில், சுருதி தப்பாமலிருக்க சிறு துளைகள் இடப்பட்டிருக்கின்றன. அது 20ஆம் நூற்றாண்டின் சமரசம். துளையில்லாமல் வாசிப்போர் எண்ணிக்கை இப்போது கூடிவருகிறது. சில ஸ்வரங்கள் கொஞ்சம் கோணலாக வந்தாலும், எனக்கு அந்த ஒலிதான் பிடிக்கும்.

சுருதி ஏன் தாழ்வாக இருக்கிறது?

இன்றைய உலகப் பொதுச் சுருதி, ஏ ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ். இது 1939இல் லண்டனில் கூடிய மாநாட்டில் முடிவானது. அதற்கு முன் ஊருக்கு ஒரு சுருதி. பாரிஸில் மிகத் தாழ்வு, வட ஜெர்மனியின் ஆர்கன்களில் மிக உயரம். பரோக் குழுக்கள் பொதுவாக 415 வைத்துக்கொள்கின்றன. 440க்குச் சரியாக அரை ஸ்வரம் கீழே. ஹார்ப்சிகார்டின் விசைப்பலகையை ஒரு கட்டை நகர்த்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடலாம் என்ற வசதியும் இதற்குக் காரணம். பிரெஞ்சு இசைக்கு 392, மொசார்ட்டுக்கு 430 என்று மாற்றிக்கொள்வார்கள்.

லைப்சிக்கில் பாக்கின் ஆர்கன் மற்றக் கருவிகளைவிட ஒரு முழு ஸ்வரம் உயர்ந்திருந்தது. அதனால் ஆர்கன் வாசிப்பவருக்கான தாளை மட்டும் ஒரு ஸ்வரம் இறக்கி எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. பழைய சுருதிகளை ஆய்வாளர்கள் ஊகிப்பதற்கு இப்படிப்பட்ட தடயங்கள்தான் ஆதாரம்.

ஸ்வரங்களுக்கு இடையேயுள்ள தூரமும் வேறா?

ஆம். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும். தம்புரா நன்றாகச் சேர்ந்தால் அதற்குள்ளிருந்தே அந்தர காந்தாரம் கேட்கிறதல்லவா? பியானோவின் அதே ஸ்வரம் அதைவிட ஏறத்தாழ 14 செண்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்) கூடுதல். 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரவலாக இருந்த மீன்டோன் முறையில் ஆர்கனையும் ஹார்ப்சிகார்டையும் இந்தச் சுத்தக் காந்தாரம் அமையும்படி சேர்த்தார்கள். விலையாக, சில ஸ்கேல்கள் காது கொடுத்துக் கேட்க முடியாதபடி ஆகிவிடும். அந்த இடைவெளிக்கு ஓநாய் என்றே பெயர். பாக் காலத்தில் எல்லா ஸ்கேல்களையும் வாசிக்கும்படியாக, ஆனால் ஒவ்வொன்றும் சற்றே வேறுபட்டு ஒலிக்கும்படியாகப் பல சமரச முறைகள் வந்தன.

விப்ராட்டோவே கூடாதா?

விப்ராட்டோ, அதாவது ஸ்வரத்தை நடுக்கி வாசிப்பது, உண்டு, ஆனால் அலங்காரமாக. மொசார்ட்டின் தந்தை லியோபோல்ட் மொசார்ட் 1756இல் ஆக்ஸ்பர்க்கில் வெளியிட்ட வயலின் நூலில், எல்லா ஸ்வரத்தையும் நடுக்குவாதம் வந்தவர்போல நடுக்கும் வித்வான்களைக் கண்டிக்கிறார். அந்தக் கண்டனத்திலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன: இடைவிடாத நடுக்கத்தை அவர் விரும்பவில்லை; அப்படி வாசித்தவர்களும் அன்றே இருந்தார்கள். ஒரு பழைய நூலை அதன் எதிர்ப்பக்கத்திலிருந்தும் வாசிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

தாளில் இல்லாததை எப்படி வாசிக்கிறார்கள்?

பரோக் இசைத்தாளில் பாதிதான் எழுதியிருக்கும். செல்லோவோ வயோலா ட கம்பாவோ (கால்களுக்கு இடையே வைத்து வாசிக்கும் வயோல்) வாசிக்கும் கீழ்வரிசை ஒன்று. அதன்மேல் சில எண்கள். ஹார்ப்சிகார்ட், ஆர்கன், நீண்ட கழுத்துடைய லூட் வகையான தியோர்போ ஆகியவற்றை வாசிப்பவர்கள் அந்த எண்களைப் பார்த்து அந்தக் கணத்திலேயே மேற்கட்டுமானத்தை எழுப்ப வேண்டும். இதற்குப் பாஸோ கன்டினுவோ என்று பெயர். பாடகர் ஒருவர் இழுத்தால் இவர்களும் காத்திருப்பார்கள்; கோபமான சொல் வந்தால் கை நிறைய ஸ்வரங்களை அறைவார்கள். ஒரே படைப்பை இரண்டு இரவுகள் கேட்டால் இரண்டு விதமாக இருக்கும்.

வழிகாட்ட நூல்கள் உண்டு. ப்ரஷ்ய மன்னர் ஃப்ரெடரிக்குக்குக் குழல் கற்பித்த குவான்ட்ஸ் 1752இலும், பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் 1753இலும் எழுதியவை அவற்றில் தலையானவை. ஸ்வரத்தை எப்படித் தொடுவது என்பதிலிருந்து நல்ல ரசனை எது என்பது வரை அவற்றில் இருக்கிறது.

குழு ஏன் இவ்வளவு சிறியது?

அன்று அப்படித்தான் இருந்தது. 1730 ஆகஸ்டில் பாக் லைப்சிக் நகரசபைக்கு எழுதிய மனுவில், ஒவ்வொரு குரலுக்கும் குறைந்தது மூன்று பேர், நான்கு பேர் கிடைத்தால் மேல் என்று கேட்கிறார். குரல் வகைகள் நான்கு; ஆக, 12 அல்லது 16 பேர். அமெரிக்க ஆய்வாளர் ஜோஷுவா ரிஃப்கின் 1981இல் இன்னும் ஒரு படி மேலே போனார்: அது பாடகர்கள் இருப்புப் பட்டியல்தான், நிகழ்ச்சியில் பெரும்பாலும் குரலுக்கு ஒருவரே பாடினார் என்றார். பெரிய சண்டை மூண்டது; இன்னும் தீரவில்லை. மிச்சமிருக்கும் பாடகர் தாள்களைப் பார்த்தால் ரிஃப்கின் பக்கம் நியாயம் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஹேண்டலின் மெசையா என்ற பெரிய பாடற்படைப்புக்கு நேர்ந்தது இன்னும் வியப்பு. 1742இல் டப்ளினில் முதலில் அரங்கேறியது. லண்டன் அநாதை இல்லத்தில் 1754இல் நடந்த நிகழ்ச்சியின் கணக்கு கிடைத்திருக்கிறது. வாசித்தவர்கள் நாற்பதுக்குச் சற்றுக் குறைவு, குழுப்பாடகர்கள் இருபது பேர் அளவு. 1784இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஹேண்டல் நினைவு விழாவில் ஐந்நூறு பேருக்கு மேல் கூடினார்கள். 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டல் பேலஸில் ஆயிரக்கணக்கானோர். கிறிஸ்டஃபர் ஹாக்வுட் தன் அகாடமி ஆஃப் ஏன்ஷியன்ட் மியூசிக் குழுவோடு 1980இல் அந்த 1754ஆம் ஆண்டு வடிவத்தை ஒலித்தட்டாக வெளியிட்டபோது, கனத்த திரை விலகி, உள்வரிசைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுந்தன.

கண்டக்டர் உண்டா?

பெரிய பாடகர் குழு இருந்தால் ஒருவர் நின்று நடத்துவார். இல்லையேல் முதல் வயலினோ ஹார்ப்சிகார்டோ வழிநடத்தும். ட்ரெவர் பின்னாக் இங்கிலிஷ் கான்சர்ட் குழுவை ஹார்ப்சிகார்டில் அமர்ந்தபடியே நடத்தினார்.

இதெல்லாம் அசல்தான் என்று எப்படி நம்புவது?

இதுதான் இருப்பதிலேயே நல்ல கேள்வி. 1970களில் ஒலித்தட்டு உறைகளில் அசல் என்ற சொல்லைத் தாராளமாக அச்சிட்டார்கள். அமெரிக்க இசையியலாளர் ரிச்சர்ட் தருஸ்கின் 1980களில் அதைக் கடுமையாகத் தாக்கினார். வேகம், மெலிவு, உணர்ச்சியை அடக்கிய துல்லியம் எல்லாம் 20ஆம் நூற்றாண்டின் நவீன ரசனை. அதற்குப் பழைமை முத்திரை குத்துகிறீர்கள் என்றார். அதன்பின் பெரும்பாலான குழுக்கள் அசல் என்ற உரிமையைக் கைவிட்டு, வரலாற்றை அறிந்து வாசிக்கிறோம் என்று மட்டும் சொல்லத் தொடங்கின.

தருஸ்கின் சொன்னதில் உண்மை இருக்கிறது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒலியை யாரும் பதிந்து வைக்கவில்லை. நாமும் அன்றைய காதோடு கேட்பதில்லை. ஸ்ட்ராவின்ஸ்கியையும் சினிமா இசையையும் கேட்ட காது நம்முடையது. ஆனாலும் அவர் ஒன்றைக் குறைத்து மதிப்பிட்டார் என்று நினைக்கிறேன். கருவி வெறும் அடையாளச் சின்னமாக இருப்பதில்லை, அது எதிர்த்துப் பேசும். ஒரு வேகத்துக்கு மேல் பழைய ஓபோ போகாது. ஒரு நீளத்துக்கு மேல் பழைய வில் ஸ்வரத்தைத் தாங்காது. வாசிப்பவரின் ரசனை நவீனமாக இருந்தாலும் கருவி அவரைத் தடுத்து, வேறு வழி தேட வைக்கிறது. வியன்னாவில் அந்த வீட்டு ஒத்திகைகளில் நடந்தது அதுதான். அசல் கிடைத்ததா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இசைத்தாளில் புரியாமலிருந்த பல இடங்கள் புரிந்தன. அந்த லாபமே போதும்.

பரோக்கோடு நிறுத்திவிடுகிறார்களா?

இல்லை. ரோஜர் நாரிங்டனின் லண்டன் கிளாசிக்கல் பிளேயர்ஸ் 1980களில் பீத்தோவனின் சிம்பனிகளை அவர் குறித்த மெட்ரோனோம் (தாள வேகம் காட்டும் கருவி) வேகத்திலேயே வாசித்துப் பரபரப்பை உண்டாக்கியது. 2003இல் ஃப்ரான்சுவா-சேவியர் ரோத் தொடங்கிய லே சியெக்ல் குழு, ஸ்ட்ராவின்ஸ்கியைக்கூட 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பிரெஞ்சுக் கருவிகளில் வாசிக்கிறது. அந்தக் காலப் பிரெஞ்சுப் பசூன் என்ற கீழ்ஸ்தாயிக் குழலின் மெலிந்த, பதற்றமான ஒலியைக் கேட்டால் இதில் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று புரியும்.

நம் வயலினுக்கும் இதற்கும் தொடர்புண்டா?

உண்டு. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். அப்போது எஃகுத் தந்தி வரவில்லை. தாடைப் பலகையும் இல்லை. கர்நாடக இசைக்குள் நுழைந்தது குடல் தந்தி கட்டிய வயலின்தான். ஐரோப்பியர் பிற்பாடு மேலும் மேலும் இறுக்கிக்கொண்டே போனார்கள். நம்மவர்கள் சுருதியைத் தாழ்த்தி, கருவியைக் காலில் ஊன்றி, தங்கள் வழியே போனார்கள்.

கச்சேரியில் ஏன் அடிக்கடி நிறுத்திச் சுருதி சேர்க்கிறார்கள்?

விளக்குச் சூட்டிலும் மூச்சுக்காற்றின் ஈரத்திலும் குடல் தந்தி நழுவுகிறது. ஹார்ப்சிகார்டும் அப்படியே. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கற்கலாம், எங்கே கேட்கலாம்?

பாசல், ஹேக் நகரங்களின் கல்விநிலையங்கள் பெயர்பெற்றவை. யூட்ரெக்ட், ப்ரூஜ், இன்ஸ்ப்ரூக், பாஸ்டன் நகரங்களில் பழைய இசைக்கென்றே பெருவிழாக்கள் நடக்கின்றன. ஆசியாவில் முன்னோடி, மசாக்கி சுசுக்கி 1990இல் நிறுவிய பாக் கலேகியம் ஜப்பான். கோபே நகரச் சிற்றாலயம் ஒன்றில் 1995 முதல் 2013 வரை பாக் கன்டாட்டாக்களை முழுமையாகப் பதிவு செய்தார்கள்.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

தெரிந்த ஒன்றிலிருந்து. விவால்டியின் நான்கு பருவங்களை இல் ஜார்தினோ அர்மோனிகோ வாசித்துக் கேளுங்கள். குளிர்காலப் பகுதியில் வில்லின் கிறீச்சொலியிலேயே பல் நடுங்கும். அடுத்து ஹாக்வுட்டின் மெசையா. குரல் பிடிக்குமானால் வில்லியம் கிறிஸ்டியின் லே ஆர்ட் ஃப்ளோரிசான் குழு பாடும், பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோவின் படைப்புகள். தனிக்கருவி பிடிக்குமானால் ஜோர்டி சவால் வாசிக்கும் வயோலா ட கம்பா, அல்லது 17ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் பீபரின் ஜெபமாலை சொனாட்டாக்கள். இவற்றில் வயலினின் தந்திகளை ஒவ்வொரு சொனாட்டாவுக்கும் வெவ்வேறு விதமாகச் சேர்க்க வேண்டும். அதன்பின் கான்சென்டஸ் மூசிகஸின் பாக். முதலில் 1970களின் பதிவு ஒன்றையும், பிறகு ஹார்னன்கோர்ட் 2000இல் மறுபடி பதிந்த செயின்ட் மத்தேயு பாஷனையும் கேளுங்கள். அதே மனிதர் முப்பது ஆண்டுகளில் தன் முடிவுகளில் எதையெல்லாம் மாற்றிக்கொண்டார் என்பது தெளிவாகக் கேட்கும்.